கார் நிற்க ஒரு வாசல்

எதிர்வீட்டு சென்னகிருஷ்ணன் எது செய்தாலும் முனிவேலுக்கு வயிறு எரியும். அவன் சாமல்பட்டியை விட்டே போய்விட வேண்டுமென்று மாரியம்மனுக்கு ஒரு கிடா நேர்ந்துவிட்டிருந்தார்.

அவனோ முன்மதிலை இடித்து, வாசலில் கல் பாவி, வீட்டுக்கு வெள்ளையடித்தான்.

"கார் நிறுத்தவாம்" என்றாள் மனைவி வெள்ளையம்மா.

"அவனுக்கு ஏது காரு?"

"நமக்கு மட்டும் இருக்குதா?"

மறுநாளே முனிவேல் கோடரியை எடுத்தார். வாசலில் நின்ற, காய்க்கிற மாமரத்தை வெட்டிவிட்டு, அவனுடையதைவிட அகலமாகக் கல் பாவினார். சுவருக்குக் காவிப் பட்டையும் தீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பெங்களூர்க் கார் நேராக முனிவேல் வாசலில் நின்றது. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இறங்கியவர் இரண்டு வீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். சென்னகிருஷ்ணனிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"யாருப்பா அது?"

"என் வீட்டை வாங்க வந்தவருண்ணா. காரு நிறுத்த இடம் கேட்டாருன்னுதான் மதிலை இடிச்சேன். வித்துட்டு மகன்கிட்டப் போயிடலாம்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"உங்க வீட்டைப் பார்த்த கண்ணுக்கு என் வீடு பிடிக்கலையாம். போகட்டும், இனிமே சாகற வரைக்கும் உங்க எதிர்வீடுதான்!"

கொல்லையில் அந்தக் கிடா, வெட்டிப்போட்ட மாமரத்தின் தழையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.