திரையில் இருந்த கோடு

ஓட்டல் படகோட்டி மைக்கல், தன் சொந்த ஊர் கண்டி டவுன் என்றே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். அன்று கொத்மலை நீர்த்தேக்கத்தில், ஜி.பி.எஸ். திரையில் அணைக்கட்டைக் குறித்து படகை ஆட்டோபைலட்டில் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். பாதி வழியில் படகு தானாகத் திரும்பி, அவன் பிறந்த தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே கரையில் முட்டி நின்றது. திரையில் மட்டும் அது கோடு பிசகாமல் அணைக்கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கரையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்த அவன் அப்பா சூசைரட்ணம் நிமிர்ந்து பார்த்தார்.

“தெரிஞ்சவரா?” என்று கேட்டார் கொழும்பிலிருந்து வந்திருந்த பயணி.

“இல்லீங்க. யாரோ தோட்டத்து ஆளு” என்றான் மைக்கல்.

சூசைரட்ணத்தின் காதில் அது விழுந்தது. கத்தியைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, படகின் முனையைத் தள்ளிவிட்டார்.

“பாத்துப் போங்க சார்.”

மைக்கல் ஆட்டோபைலட்டை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கை அணைக்கட்டுப் பக்கம் ஒடித்துப் பிடித்தான். படகு அவர் கைக்கே திரும்பி வந்தது. அவர் மறுபடியும் தள்ளினார். மறுபடியும் வந்தது.

திரையில் படகு அணைக்கட்டை அடைந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, மகனின் முகத்தைப் பார்க்காமலேயே, அவர் தள்ளிக்கொண்டிருந்தார்.