மூக்குப் பரீட்சை

மாசாய் ஊரின் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் காலை வெயில் பரவுகிறது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் லோகேஸ்வரன் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தூக்கத்தில் கனவுக்கேற்பக் கைகாலை வீசுகிறவர்களுக்குப் பின்னாளில் பார்க்கின்சன் வரலாம், வாசனை தெரிவது குறைகிறதா என்று கவனியுங்கள் என டாக்டர் சொன்னதிலிருந்து, மனைவி சந்திரமதி தினமும் பரீட்சை வைக்கிறாள். முதல் டப்பாவை நீட்டுகிறாள். “பெலாச்சான். இந்த இறால் விழுது நாத்தம் பக்கத்து வீட்டுக்கே தெரியும் லா.” அடுத்தது. “காப்பித்தூள்.” சிரிப்பை அடக்கியபடி வெறுங்கையை நீட்டுகிறாள். அவர் அதைப் பிடித்து இரண்டு முறை முகர்கிறார். “தைலம். ராத்திரி எங்க உதைச்சேன், மதி?” “நூத்துக்கு நூறுங்க” என்கிறாள் அவள், வீங்கிய முழங்காலைக் கைலியால் மூடிக்கொண்டே.