ஒற்றனின் முறை வருவதற்குள்

தொழில் வட்டாரத்தில் அவனுக்குப் பூனை என்று பெயர். ஏழு வீடுகளில் கைவரிசை காட்டியும் ஒரு தடவைகூட மாட்டாதவன். வீட்டில் மனைவியைக் கேட்டால், அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்பாள். எட்டாவது வீட்டோடு கடையைக் கட்டிவிடுவது என்று பூனை முடிவு செய்திருந்தான். அந்த எட்டாவது வீடு, அவனுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டருடையது.

பல்லைப் பிடுங்கிப் பஞ்சை வைத்துவிட்டு அவரேதான் அழைத்தார். "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல ராஜா காலத்து ஆட்டம் ஒண்ணு ஆடுறோம். ஒருத்தர் குறையுது, வாங்களேன். ரெண்டு தெரு தள்ளிதானே இருக்கீங்க. வீட்டுல தேடுவாங்களா?"

"அவ ஞாயித்துக்கிழமைன்னா அம்மா வீட்டுக்குப் போயிடுவா சார். ஏழரைக்குத்தான் வருவா," என்றான் பூனை, பஞ்சைக் கடித்துக்கொண்டே.

ஆட்டத்தில் ஆளுக்கொரு வேடம். டாக்டர் மன்னர், அவர் மனைவி அரசி, மருந்துக்கடைக்காரர் அமைச்சர், டாக்டரின் மைத்துனர் தளபதி. பூனை ஒற்றன். செல்போன், கைக்கடிகாரம், சாவிக்கொத்து எல்லாவற்றையும் வாசலில் ஒரு தட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

"முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி செல்போன் ஏதுங்க?" என்றார் அரசி.

ஒருவருடைய முறை என்பது கதைக்குள் பத்தே விநாடி. அந்தப் பத்து விநாடியில் அவர் வாளை உருவினாரா, குதிரை ஏறினாரா என்று பகடை உருட்டி, விதிப்புத்தகத்தைப் புரட்டி, சண்டை போட்டு முடிப்பதற்குள் வெளியே பத்து நிமிடம் ஓடிவிடும். ஆக, தன் முறை முடிந்தால் அடுத்தது வர நாற்பது நிமிடம்! அதுவரை ஒருவரும் மேஜையைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. பூனைக்கு உள்ளம் குளிர்ந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தான். அன்று பார்த்து ராஜதுரோகக் குற்றத்துக்காகத் தளபதிக்குச் சிறை.

"மூணு சுற்றுக்கு உங்களுக்கு முறையே கிடையாது," என்று தீர்ப்பளித்தார் மன்னர்.

"அப்ப நான் காத்தாட நடந்துட்டு வரேன்," என்று தளபதி கிளம்பிவிட்டார்.

அவருடைய பத்து நிமிடம் போனால் மிச்சம் முப்பது. பூனைக்கு அதுவே தாராளம். தன் முறையில் ஒற்றனைக் கோட்டைச் சுவர்மேல் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, "வயிறு சரியில்ல சார்," என்று எழுந்தான்.

"மெதுவா வாங்க, உங்க முறைக்கு நேரமிருக்கு," என்றார் மன்னர், பகடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாடி, படுக்கையறை, பீரோ. இரண்டே நிமிடத்தில் பூட்டு வழிக்கு வந்தது. உள்ளே ஆரமும் வளையலுமாகப் பளபளத்தன. அள்ளிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு இறங்கி வந்தபோது, அமைச்சர் இன்னும் குதிரைக்கு லாடம் அடித்தாயிற்றா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருந்தார். பாவம், சூதுவாது தெரியாத ஜனங்கள் என்று பூனைக்கு இரக்கம்கூட வந்தது.

ஏழே முக்காலுக்கு ஆட்டம் முடிந்தது. தட்டில் கிடந்த அவனுடைய போன் அலறியது. மனைவிதான்.

"என்னங்க, வீடே துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு! பூட்டு உடையல. கம்பெனி ஃபைலுன்னு பரண்ல வெச்சிருந்தீங்களே, அந்த ரெண்டு பெட்டியையும் காணோம். போலீசுக்குப் போன் போடட்டுமா?"

"ஐயோ, வேணாம் வேணாம்!"

ஏழு வீட்டு நகையும் அந்தப் பெட்டிகளில்தான் இருந்தது. பூனைக்கு அழுகையே வந்துவிட்டது. பதறிப்போய்த் தட்டைத் துழாவினான். சாவிக்கொத்தைக் காணவில்லை.

"சட்டைக்குள்ள இருக்கிறதை நீங்களே வெச்சுக்குங்க, கவரிங்தான்," என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, காற்றாட நடந்துவிட்டுத் திரும்பியிருந்த தளபதி அவனுடைய வீட்டுச் சாவியை நீட்டினார்.