வளைவுக்கு அடியில் அத்தை

நடு ஆற்று மணல்திட்டில் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே, நான் கணக்குப் போட்டுக் கட்டிய கான்கிரீட் வளைவு.

இன்று நீங்கள் பேருந்தில் தூங்கி வழிந்தபடி கடக்கிறீர்களே, அதே பாலம்தான். அன்று அதற்குச் சொந்தக் கால் கிடையாது. ஒரு காட்டையே வெட்டி வந்து நட்டதுபோல மரச்சாரம் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. சாரத்தின் அடியில் செருகிய ஆப்புகளைத் தட்டி எடுத்ததும் வளைவு தானே நிற்க வேண்டும்.

நிற்காவிட்டால் என் தலைமேல்.

"கணக்குப் போட்டவர் அடியில நின்னாத்தான் சுத்தியலைத் தொடுவோம்" என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். நானும் சவடாலாகத் தலையாட்டிவிட்டேன்.

கரையில் ஊரே திரண்டிருந்தது. இன்னும் பிறக்காதவர்கள்கூட வந்திருந்ததாக ஞாபகம்.

உச்சியில் கான்கிரீட் போட்ட அன்று மழை பிடித்துக்கொண்டது அப்போது பார்த்துத்தானா நினைவுக்கு வர வேண்டும்? மணலில் விரலால் கணக்கை மறுபடி போட்டேன்; மீன்கள்கூட எட்டிப் பார்த்தன.

ஒரு படகு வந்தது. குடையோடு என் மாமியார் இறங்கினார். படகோட்டி திரும்பிப் பார்க்காமல் பறந்துவிட்டான்.

நான் அடித்த ஆணியில் ஒரு துண்டைக்கூட மாட்டாத மாமியார். வந்து என் பக்கத்தில் நின்றார்.

கரையில் கைதட்டல். மாமியாரே நம்பிவிட்டார், அப்புறம் என்ன!

'போய்விடுங்கள்' என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எனக்கே சந்தேகம் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். மேஸ்திரி சுத்தியலைக் கீழே போட்டுவிடுவார். பாலமும் போச்சு, பிழைப்பும் போச்சு. சொல்லாவிட்டால் அத்தையும் என்னோடு. ஓடலாம் என்றால் படகும் இல்லை.

"என்ன மாப்பிள்ளை, இப்படி வேர்க்குது?"

"வெயில், அத்தை."

வானம் மூடிக் கிடந்தது. அவர் என் தலைக்கும் சேர்த்துக் குடை பிடித்தார்.

முதல் ஆப்பு விழுந்தது. கடைசி ஆப்பு விழுவதற்குள் எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. வளைவு ஒரு முறை முனகியது. குடைமேல் சிமென்ட் தூசி பொலபொலவென்று உதிர்ந்தது.

அவ்வளவுதான். நின்றது.

"என்மேல இவ்வளவு நம்பிக்கையா, அத்தை?"

அவர் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் கையில் திணித்தார்.

"நம்பிக்கையாவது, மண்ணாவது! நீங்க தனியா நிக்கிறீங்கன்னு உங்க பொண்டாட்டி கிளம்பிட்டா. போனா இந்தக் கிழவி போகட்டும்னு அவளை உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்தேன். ஓடிப் போய்த் திறங்க."