எழுந்திருக்காத கரடி

“ஏனுங்க ரஹீம் பாய், உங்க கரடி இன்னிக்காச்சும் எந்திரிக்குமா, எந்திரிக்காதா?”

“தூங்குதுங்க டீச்சர்.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க!”

“நேத்தும் தூங்குச்சுங்களே.”

மிருகங்களைப் பராமரிக்கும் ரஹீமை முறைத்து, ஐவி பல்லைக் கடித்தாள்.

குன்னூருக்குக் கீழே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் துரை ஆசைக்கு வளர்த்த மிருகங்களை, தோட்டப் பள்ளிக் குழந்தைகள் கோடை விடுமுறையில் பார்த்துப் படம் வரைய வேண்டும் என்பது, சீமையிலிருந்து புதிதாய் வந்திறங்கிய துரைசாணியின் யோசனை. யோசனை அவளுடையது, குழந்தைகளைக் கட்டி மேய்க்கும் வேலை ஐவியுடையது.

மான் முடிந்தது. மயில் முடிந்தது. குரங்கும் முடிந்தது. கரடியையும் வரைந்துவிட்டால் வகுப்பைக் கலைத்துவிட்டு ஐவி கோயம்புத்தூருக்கு ரயிலேறலாம். தங்கை யூனிஸுக்குக் கோவிலில் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. பள்ளி திறப்பதற்குள் கல்யாணம். அக்காக்காரியோ இங்கே ஒரு கரடியின் தூக்கத்துக்குக் காவல் நிற்கிறாள்.

“தினமும் ஒரு வாளி ராகிக்களியும் வெல்லமும் குகைக்குள்ள போகுது. காலி வாளி வெளியே வருது. திங்க மட்டும் எந்திரிக்குதா?”

“யாராச்சும் பாத்தா திங்காதுங்க. கூச்ச சுபாவம்.”

குழந்தைகள் களுக்கென்று சிரித்தார்கள்.

“யாரது சிரிப்பு? முட்டி போட வெச்சிருவேன்! பொய் சொல்றவங்களையும் எனக்குப் பிடிக்காது, அதுக்குச் சிரிக்கறவங்களையும் பிடிக்காது.”

“டீச்சர், நாங்க போய் எழுப்பிப் பாக்கட்டுங்களா?” என்றாள் ஜெஸிந்தா. பதிலுக்கு நிற்கவில்லை. அவளும் இன்னும் சிலரும், கரடிக்கென்று கட்டிய குகையின் பின்பக்கம் ஓடி மறைந்தார்கள்.

“ஐயோ, பின்கதவு திறந்து கிடக்கே! பாய், பிடிங்க அதுகளை!”

ரஹீம் அவளுக்குக் குறுக்கே வந்து நின்றார். “ஒண்ணும் ஆகாதுங்க டீச்சர்.”

“கரடி கடிச்சுக் குதறினா நீங்களா ஒட்டவைப்பீங்க? நகருங்க!”

அவரைத் தள்ளிவிட்டு, கையில் பிரம்போடு உள்ளே பாய்ந்தாள்.

கரடி இல்லை.

வாளியைச் சுற்றிக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கை வரை வழிந்த வெல்லத்தை நக்கிக்கொண்டிருந்த ஜெஸிந்தா நிமிர்ந்தாள். “டீச்சர், உங்களுக்கும் கொஞ்சம்?”

“கரடி மாசி மாசமே சீக்கு வந்து மௌத்தாயிருச்சுங்க” என்றார் பின்னால் வந்த ரஹீம். “துரைசாணியம்மாவை முன்னால அனுப்பிட்டு துரை இன்னும் சீமையிலதான் இருக்காரு. என் வேலை போயிருமேன்னுதான் முதல்ல மறைச்சேன்.”

“அப்புறம் எதுக்கு என் உயிரை எடுத்தீங்க?”

“கரடிப் படம் முடிஞ்சா வகுப்பு முடிஞ்சுதுங்க. மறுநாளே கூலிகளை விரட்டற கங்காணி இவங்க லயத்து வீட்டுக்கு வந்து இதுகளைக் களைவெட்ட ஓட்டிட்டுப் போயிருவாரு. போன லீவுல களைக்கொத்து பட்டு இவளுக்குக் கால்விரல் ஒண்ணு போச்சு.”

ஜெஸிந்தா காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஐவி முந்தானையால் ஜெஸிந்தாவின் முகவாயைத் துடைத்துவிட்டாள், சற்று அழுத்தமாகவே.

மாலையில் குதிரைமேல் வந்த துரைசாணி ஆங்கிலத்தில் கேட்டாள்: “என்ன ஐவி, கரடியை வரைந்தாயிற்றா?”

குழந்தைகள் டீச்சரையே பார்த்தார்கள். ரஹீம் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“இன்றுதான் எழுந்தது, மேடம்” என்றாள் ஐவி, பிசிறில்லாத ஆங்கிலத்தில். “ஆனால் முதுகைத்தான் காட்டியது. முகத்தைக் காட்டப் பள்ளி திறக்கும்வரை ஆகும் போலிருக்கிறது.”