பம்பாய் சொன்ன பெயர்

“பம்பாய்லேர்ந்து இன்னா வந்துக்கீதுன்னு மறைக்காம சொல்லிடுங்க சாமி,” என்றான் சின்னப்பையன்.

டாக்டர் ராமானுஜம் அப்போதுதான் ஊருக்கு வெளியே இருந்த அவன் குடிசை முன் வந்து இறங்கியிருந்தார். சைக்கிளை ஏரிக்கரை வேலமரத்தில் சாய்ப்பதிலேயே கொஞ்ச நேரத்தைக் கடத்தினார்.

சின்னப்பையனின் மூக்குக்குள் கட்டி. முதலில் வாசனை போயிற்று. பிறகு ரத்தம் வர ஆரம்பித்தது. இப்போது முகமே ஒரு பக்கமாக வீங்கிக் கிடந்தது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் கிள்ளியெடுத்த சதையைப் பட்டணத்தில் பார்த்துவிட்டு, சாதாரண மைக்ராஸ்கோப்பில் இது இன்ன கட்டி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். பம்பாயில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் என்று ஒரு பெரிய யந்திரம். கண்ணுக்கே தெரியாத அணுவளவு சதையையும் பிளந்து உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். சதை அங்கே போய் ஆறு மாதம் ஓடிவிட்டது.

அந்த ஆறு மாதமும் ராமானுஜம் வியாதியின் பெயரைச் சொல்லவில்லை. அவன் எத்தனை முறை கேட்டும் பேச்சை மாற்றிவிடுவார். நிச்சயமாகாத ஒன்றைச் சொல்லி ஒரு மனுஷனை உயிரோடு கொல்வானேன் என்பது அவர் எண்ணம். அந்த இரக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இன்று தப்ப வழியில்லை. அவன் மனைவி செங்கேணி கைக்குழந்தையோடு தள்ளியே நின்றாள். காதால் கேட்கத் திராணியில்லை போலும் என்று பரிதாபப்பட்டார்.

“கேன்சர்ப்பா. புத்துநோய். வாசனை நரம்புல வர்றது, லட்சத்துல ஒருத்தருக்குக்கூட வராது. மூளைக்கும் ஏறிடுத்து. தை மாசம் தாண்டறது கஷ்டம்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அழுகை வரும், அடித்துக்கொள்வார்கள் என்று காத்திருந்தார். சின்னப்பையன் கேள்விதான் கேட்டான்.

“அது அடுத்தவங்களுக்கு ஒட்டிக்குமா சாமி?”

“ஒட்டாது. யாருக்கும் ஒட்டாது.”

“அப்ப இது பெருவியாதி இல்லியா?”

ராமானுஜம் திடுக்கிட்டார். குஷ்டம் என்று யார் சொன்னது என்று கேட்டார்.

“யாரும் சொல்லல சாமி. நீங்க பேரே சொல்லல. டாக்டருக்கே சொல்ல வாய் வராத வியாதி வேற இன்னா கீதுன்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. நானும் இங்க வந்து ஒதுங்கிக்கினேன்.”

அதற்குள் செங்கேணி ஓடிவந்து குழந்தையை அவன் மடியில் போட்டாள். பிறந்து ஐந்து மாதமாகும் மகளைச் சின்னப்பையன் தொடுவது அதுதான் முதல் தடவை.