பிரேக்கு

“டீயா? அந்த ஆளுக்கா? தண்ணி கேட்டாலும் குடுக்காதே” என்று கொழுந்தனிடம் சத்தமாகவே சொன்னாள் அவள். கொட்டகையில் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்கின் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னாள். நன்றாகவே விழுந்தது.

அவருக்கு இது பழகிப்போன பேச்சு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் பிரேக் மாற்றிக் கொடுத்த ஆறாம் நாள், இதே டிராக்டர் ரோட்டு இறக்கத்தில் குடைசாய்ந்தது. ஓட்டிப் போன இவள் கணவர் அங்கேயே இறந்துபோனார்.

அன்று முதல் மெக்கானிக்குக்கு ஊரில் ‘பிரேக்கு’ என்றே பெயர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டக்கூட அவர் கடைப் பக்கம் ஆள் வருவதில்லை. வாய் நிறைய ‘அண்ணே’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த இவளுக்கும் அவர் ‘நீ’யாகிப் போனார், அதுவும் கோபம் குறைந்த நாட்களில்.

வண்டியை மறுபடி ஓடவைக்க ஆசைப்பட்டவன் கொழுந்தன். அப்பா வாங்கிய வண்டி துருவேறிக் கிடக்கிறதே என்று வருஷா வருஷம் கெஞ்சுவான். இந்த வருஷம்தான் அவள் கொட்டகைச் சாவியை எடுத்தாள்.

“கெடுத்தவனே வந்து சரி பண்ணட்டும். அவன் போட்ட பிரேக்கை என் கண்ணு முன்னாடி பிரிச்சுக் காட்டட்டும். அதுக்குத்தான் தொறக்கறேன்.”

மெக்கானிக் மறுநாளே வந்தார். அவருக்கு வேண்டியிருந்ததும் அதுதான். கடையை இழுத்து மூடும் முன்னால் பெயரைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

ஏர் ஃபில்டருக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. இறுகிப்போன பிஸ்டனுக்கு எண்ணெய் விட்டு விட்டு ஒன்பது நாள் ஊறவைத்தார். வளைந்த ஸ்டியரிங்கை நிமிர்த்தி, ரேடியேட்டர் ஓட்டைகளை அடைத்தார். இருபதாம் நாள் இன்ஜின் இருமி, கரும்புகை கக்கி, ஒருவழியாக ஓடத் தொடங்கியது. கொழுந்தன் குதித்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வெளிச்சத்தில் வைத்துப் பிரிக்கலாம் என்று வண்டியை வாசலுக்கு எடுக்கப் பார்த்தார் மெக்கானிக். ரிவர்ஸ் கியர் விழவே இல்லை.

“லேசா மேல தூக்கி உன் பக்கமா இழு” என்றாள் அவள், நின்ற இடத்திலிருந்தே.

இழுத்தார். விழுந்தது. கொழுந்தன் திரும்பிப் பார்த்தான்.

“என்ன பாக்கற? உங்க அண்ணன் சொல்லியிருக்காரு.”

வாசலில் பின்சக்கரங்களைக் கழற்றி, பிரேக்கைப் பிரித்து அவள் காலடியில் வைத்தார் மெக்கானிக். மேலே துரு இருந்தது. அதைச் சுரண்டிவிட்டு விரலால் கனத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் புதுசு போலவே இருந்தன. ஒரு ஆணிகூட இடம் மாறவில்லை.

“அப்புறம் எப்படிய்யா கவுந்துச்சு?” என்று கத்தினாள். பதினோரு வருஷத்துக் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அவர் மண்ணெண்ணெய்த் துணியால் பிரேக் பெடல்களைத் துடைத்தார். பக்கம் பக்கமாக இரண்டு பெடல்கள். மண் உதிர்ந்ததும், இரண்டையும் இணைக்கும் கொக்கி தெரிந்தது. அது மாட்டப்படவே இல்லை. கழற்றிய நிலையிலேயே துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

“வயல்ல திரும்பறப்ப ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்கணும்னு இதைக் கழட்டுவோம். ரோட்டுக்கு வந்தா மாட்டிரணும். மாட்டாம ஒரு பெடலை மிதிச்சா ஒரு பக்கம்தான் பிடிக்கும். இறக்கத்துல அப்படி மிதிச்சா வண்டி சுத்திக் கவுந்துரும்மா.”

“நடுவுல யாராச்சும் கழட்டியிருந்தா?” என்றான் கொழுந்தன்.

“வண்டிய இழுத்துட்டு வந்து பூட்டுன அன்னையிலருந்து கொட்டகைச் சாவி எங்கிட்டதான இருந்துச்சு” என்றாள் அவள்.

கொழுந்தன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். “உழுதவங்களே கொக்கியை மாட்டிட்டுத்தான் வயலை விட்டு ஏறணும்னு அண்ணன் வீட்டுக்கே சட்டம் போட்டிருந்தாரு. அதனால வண்டிய எடுக்கறப்ப யாரும் குனிஞ்சுகூட பாக்க மாட்டோம். அன்னிக்கு நானும் ஊர்ல இல்ல. காய்ச்சலோட காலையில உழுதிருக்காரு பாவம். சட்டம் போட்டவரே மறந்துட்டாரு.”

மெக்கானிக் ஸ்பானர்களைப் பைக்குள் போட்டார். ஜெயித்த முகம் இல்லை அது. “விடுங்க தம்பி. போனவரைக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது? என் வேலையில பிசகில்லன்னு தெரிஞ்சுது. போதும்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். உயிரோடு இருந்தவர் தலையில் கிடந்த பழி, செத்தவர் தலைக்குப் போய்விட்டது. செத்தவர் வாதாட வரப்போவதில்லை. அவள் சும்மா இருந்தாலே போதும், எல்லாம் அதோடு முடிந்துவிடும்.

அவள் உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து ஒரு டம்ளர் டீயோடு வந்தாள்.

மெக்கானிக் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்து, “அதெல்லாம் ஒண்ணும் வேணாம்மா” என்றார்.

அவள் டிராக்டரைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அன்னிக்கு உழுதது அவரு இல்லண்ணே... நான்.”